புது ஃப்ளைட் சிமுலேட்டரும் பழைய ஏமாற்றமும்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 வெளியான நாள் 2024 நவம்பர் 19. ஆசையோடு பணம் கட்டியவர்களில் ஏராளமானோர் அன்று விமானத்தையே பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் 97 சதவீதத்தில் வந்து நின்றுவிட்ட காத்திருப்புத் திரையைத்தான். எப்படியோ உள்ளே நுழைந்தவர்களுக்கும் வாங்கிய விமானங்களில் சில காணவில்லை. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனங்கள் மளமளவென்று குவிந்தன.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு சிமுலேட்டர் தரும் ஏமாற்றம் எல்லாமே ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. நாலு நாளில் தானே சரியாகும் கோளாறு உண்டு. உங்கள் கணினியிலும் கைப்பழக்கத்திலும் இருக்கும் குறை உண்டு. எத்தனை திருத்தம் வந்தாலும் தீராத, அந்த மென்பொருளின் பிறவிக்குணமான குறையும் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகப் புகழ்வதும் மொத்தமாகத் திட்டுவதும்தான் அடிப்படைத் தவறு. மற்ற தவறுகள் எல்லாம் இதன் கிளைகள்.

முதல் நாளே வாங்குவது

சாதாரண விளையாட்டை முதல் நாளில் வாங்கினால், அதிலுள்ள பிழைகளைச் சந்திப்பீர்கள், அவ்வளவுதான். 2024 பதிப்பின் கதை வேறு. முந்தைய 2020 பதிப்பு கணினியில் நூறு ஜிபிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டது. அதைக் குறைப்பதற்காக, நிலப்பரப்பு மட்டுமல்லாமல் விமானங்களின் தரவைக்கூடத் தேவைப்படும்போது சர்வரிலிருந்து அனுப்புவதாகப் புதியதை வடிவமைத்தார்கள். எனவே உங்களுக்கும் உங்கள் விமானத்துக்கும் நடுவில், அன்றைக்கு வாங்கிய அத்தனை பேரும் வரிசையில் நிற்கிறார்கள்.

அன்று மாலையே மைக்ரோசாஃப்டில் இந்தத் தொடருக்குத் தலைவரான யோர்க் நாய்மனும் இதை உருவாக்கிய ஆசோபோ நிறுவனத்தின் செபாஸ்டியன் வ்லாக்கும் ஒரு வீடியோவில் நடந்ததை விளக்கினார்கள். தரவுத்தளத்துக்கு முன்னால் ஒரு தற்காலிகச் சேமிப்பு அடுக்கு இருக்கிறது. இரண்டு லட்சம் பேர் ஒரே நேரத்தில் நுழைவதுபோல அதைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். வெளியீட்டு நாளின் கூட்டத்தில் அந்த அடுக்கு திணறியது. வரிசையின் வேகத்தைக் கூட்டினார்கள்; சுமார் அரை மணி நேரம் ஓடிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. பதில் வராதபோதெல்லாம் மென்பொருள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. தொடக்கக் காத்திருப்பு நீண்டுகொண்டே போனதற்கும், சில கோப்புகள் வராமலே போய் விமானங்கள் மறைந்ததற்கும் அதுதான் காரணம். அடுத்தடுத்த நாட்களில் நெரிசல் தணிந்தது.

சோதிக்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது, சோதனை போதவில்லை. வாங்கியவருக்கு இந்த வேறுபாடு ஆறுதல் தராது என்பதும் உண்மைதான். ஆனால் அதே சரக்கை ஒரு மாதம் கழித்து வாங்கியவருக்கு இந்தக் கதை வெறும் செய்தி.

இது புதிய வழக்கமும் அல்ல. 2006 அக்டோபரில் வந்த, இதே தொடரின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், அன்றைய கணினிகளை மூச்சுத் திணற வைத்தது. பிராசசர்கள் பல கோர்களுக்கு (ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளுக்கு) மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே கோர் வேகமாக வளரும் என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள் அது. 2007இல் வந்த முதல் திருத்தத் தொகுப்புதான் பல கோர்களை ஓரளவு பயன்படுத்த வைத்தது. பிற்காலத்தில் எல்லோரும் கொண்டாடிய அதே சிமுலேட்டர், வெளியான வருடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு கொஞ்சமல்ல.

முன்னோட்டத்தை நம்பி ஊரைத் தேடுவது

முன்னோட்ட வீடியோக்களில் பொய் இல்லை, தேர்வு இருக்கிறது. உயர்ரகக் கணினியில், பொருத்தமான வெளிச்சத்தில், விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு முப்பரிமாணமாக வார்க்கப்பட்ட நகரங்களின் மேல் பறப்பதைத்தான் காட்டுவார்கள். அந்தச் சிறப்புத் தரம் உலகின் சில நகரங்களுக்குத்தான். எஞ்சிய பூமி முழுவதும் செயற்கைக்கோள் படத்தையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற வரைபடத் தரவையும் வைத்துச் செயற்கை நுண்ணறிவு ஊகித்துக் கட்டிய வீடுகள்.

ஊகம் என்றால் என்னவென்று 2020 பதிப்பு வந்தவுடனே தெரிந்துவிட்டது. மெல்போர்ன் புறநகரில் சாதாரணக் குடியிருப்புகளுக்கு நடுவே ஊசிபோல ஒரு கோபுரம் வானளாவி நின்றது. வரைபடத்தில் யாரோ ஒருவர் மாடிகளின் எண்ணிக்கையை 2 என்பதற்குப் பதிலாக 212 என்று தட்டிவிட்டிருந்தார். கணினி அதைச் சந்தேகிக்கவில்லை, கட்டிவிட்டது. லண்டனின் பக்கிங்ஹாம் அரண்மனையோ அலுவலகக் கட்டடம்போல நின்றது. அந்தக் கோபுரத்தைத் தேடிப் போய் அதன்மேல் தரையிறங்கி மகிழ்ந்தவர்களும் உண்டு. எனக்குப் பிடித்த வகை வாடிக்கையாளர்கள் அவர்கள்.

சிமுலேட்டர் வாங்கியவர்கள் முதலில் தேடிப் பறப்பது தம் வீட்டின் மேல். ஏமாற்றம் தொடங்குவதும் அங்கேதான். தெருவும் குளமும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். ஆனால் ஊர்க் கோபுரம் பெயர் தெரியாத ஒரு கட்டடமாக நிற்க வாய்ப்பு அதிகம். வாங்குமுன் யூடியூபில் உங்கள் பகுதியின் மேல் சாதாரணப் பயனர் யாராவது பறந்து பதிவிட்ட காணொளி கிடைக்கிறதா என்று பாருங்கள். அதிகாரபூர்வ முன்னோட்டம் பத்தைவிட அது ஒன்று அதிகம் சொல்லும்.

'குறைந்தபட்சத் தேவை' என்பதைப் 'போதும்' என்று படிப்பது

2024 பதிப்புக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச நினைவகம் 16 ஜிபி, பரிந்துரை 32, உகந்தது 64. இணைய வேகம் முறையே நொடிக்கு 10, 50, 100 மெகாபிட். குறைந்தபட்சம் என்பது மென்பொருள் திறக்கும் என்ற உறுதி மட்டுமே. வீடியோவில் பார்த்தது மூன்றாவதான 'உகந்த' கணினியில்.

இணைய வேகத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. 50 மெகாபிட் இணைப்பு ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 22.5 ஜிபி தரவு இறங்கும். எந்நேரமும் அப்படி இழுக்காது; நகரத்தின் மேல் தாழப் பறக்கும்போதுதான் பசி அதிகம். மாத வரம்பு உள்ள பிராட்பேண்டு திட்டத்தில், அதே இணைப்பில் வீட்டில் இன்னொருவர் படம் பார்த்துக்கொண்டிருந்தால், மலைகள் களிமண் உருண்டைகளாகத் தெரியும். அதற்குக் கிராபிக்ஸ் கார்டைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து, ஃபிரேம் வேகம், அதாவது திரையில் நொடிக்கு எத்தனை படங்கள் மாறுகின்றன என்பது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் பழகியவர்கள் நொடிக்கு 60 ஃபிரேம் வராவிட்டால் பதறுகிறார்கள். நிதானமாகப் போகும் விமானத்துக்கு, தடங்கல் இல்லாத 30 தாராளம். 60க்கும் 25க்கும் இடையே துள்ளிக்கொண்டிருப்பதைவிட 30இல் பூட்டி வைப்பது கண்ணுக்கு இதமானது.

சிக்கல் எங்கே என்று ஊகிக்கவும் தேவையில்லை. பொது அமைப்புகளில் டெவலப்பர் மோடை இயக்கி, ஃபிரேம் எண்ணிக்கை காட்டும் பெட்டியைத் திறந்தால், எது தடுக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும். 'மெயின் த்ரெட்' என்று வந்தால் சுமை பிராசசரின் மேல் இருக்கிறது: நிலப்பரப்பு விவரத்தின் அளவையும், விமான நிலையத்தில் ஊரும் வண்டிகளையும், பிற விமானப் போக்குவரத்தையும் குறையுங்கள். 'ஜிபியு' என்று வந்தால் சுமை கிராபிக்ஸ் கார்டின் மேல்: மேகங்களின் தரத்தையும் திரைத் துல்லியத்தையும் இறக்குங்கள். பிராசசர் திணறும்போது மேகத்தைக் குறைத்துவிட்டு "எதைச் செய்தாலும் மாறவில்லை" என்று புலம்புவோர் ஏராளம். சோதனையையும் கடலின் மேல் பறந்து செய்யாதீர்கள். பெரிய விமான நிலையத்தின் நிறுத்துமிடத்தில் நின்றபடி பாருங்கள். அங்கே ஓடினால் எங்கும் ஓடும்.

கையில் உள்ள குறையை விமானத்தின் மேல் போடுவது

"செஸ்னா 172 ஓடுபாதையில் நேராக ஓடவே மாட்டேன் என்கிறது, இடப்பக்கம் இழுக்கிறது, மோசமான மென்பொருள்." புதியவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. ஆனால் இழுப்பதுதான் சரி. விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் அந்தப் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் சாய்க்கிறது. அது தள்ளும் காற்று உடலைச் சுற்றி வந்து வால் துடுப்பின் இடப்பக்கத்தில் மோதி மூக்கை இடப்பக்கம் திருப்புகிறது. மூக்கு தூக்கி ஏறும்போது வலப்பக்கம் இறங்கும் இதழ் அதிகம் இழுத்து, அதே பக்கத் திருப்பத்தைக் கூட்டுகிறது. மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பகுதிக்கு ரடர் என்று பெயர். பயிற்சிப் பள்ளிகளில் ஆசிரியர்கள் "வலது ரடர்! வலது ரடர்!" என்று கத்துவது இதற்காகத்தான். இழுக்காத செஸ்னாவைத்தான் குறை சொல்ல வேண்டும்.

மேலே போனதும் மூக்கு ஏறி இறங்கி அலைகிறது என்பது அடுத்த புகார். பெரும்பாலும் டிரிம் சக்கரத்தைத் தொடாமல் பறப்பவர்கள் சொல்வது அது. ஜாய்ஸ்டிக்கைத் தொடர்ந்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால், அந்த அழுத்தம் தேவைப்படாத நிலை வரும்வரை டிரிமைத் திருப்ப வேண்டும். பிறகு கையை எடுத்தாலும் விமானம் ஏறத்தாழ அப்படியே போகும். விசைப்பலகையில் இந்த நுணுக்கம் கைக்கு வருவது கடினம். அங்கே ஒரு சாவி அழுத்தினால் முழுத் திருப்பம், விட்டால் ஒன்றுமில்லை. உயர்விலைப் பதிப்புக்குத் தரும் கூடுதல் பணத்தில், திருகினால் ரடராக வேலை செய்யும் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கலாம். அமைப்புகளில் அதன் நடுப்பகுதி உணர்திறனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பதிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024இன் அடிப்படைப் பதிப்பு 69.99 டாலருக்கு 70 விமானங்களோடு வந்தது. உச்சப் பதிப்பு 199.99 டாலருக்கு 125. ஒரு விமானத்தை ஒழுங்காக ஓட்டப் பழகவே மாதங்கள் ஆகும்.

பழையதை அழித்துவிட்டுப் புதியதற்கு மாறுவது

பல வருடம் ஓட்டிய சிமுலேட்டர் என்பது வாங்கிய நாளில் இருந்த சிமுலேட்டர் அல்ல. கூடுதல் விமானங்கள், சொந்த விமான நிலையங்கள், பார்த்துப் பார்த்துச் சரிசெய்த அமைப்புகள் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. புதியதோ வெள்ளையடித்து விட்ட வெறும் வீடு. இரண்டையும் ஒப்பிட்டு "பழையதே மேல்" என்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒப்பிடுவது இரண்டு மென்பொருள்களை அல்ல. 2020 பதிப்பின் துணைப் பொருட்களில் பெரும்பாலானவை 2024இல் வேலை செய்யும் என்றுதான் அறிவித்தார்கள். இருந்தும் உங்களுக்கு இன்றியமையாத அந்த ஒன்றிரண்டு விமானங்களின் நிலை என்ன என்று அவற்றைத் தயாரித்தவரின் அறிவிப்பில் பார்க்கும்வரை பழையது வட்டில் இருக்கட்டும்.

எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக் காத்திருப்பது

இதுவரை பொறுமையைப் பற்றிச் சொன்னேன். பொறுமை பலிக்காத இடமும் உண்டு. 2012 பிப்ரவரி 29 அன்று 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட்' இலவசமாக வந்தது. முழு உலகையும் தந்த தொடரின் வாரிசு, ஹவாயின் பெரிய தீவை மட்டும் தந்தது. மற்ற இடங்களைத் தனித்தனியாக விற்றார்கள். வெளியார் விமானங்களும் நிலையங்களும் உருவாக்கிச் சேர்க்க வழி இல்லை. பணம் கொடுத்து வாங்கும் பி-51 மஸ்டாங் போர் விமானத்துக்கு உட்புற விமானி அறையே கிடையாது; வெளியிலிருந்து பார்த்தபடிதான் ஓட்ட வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் உருவாக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். டவ்டெய்ல் நிறுவனத்தின் ஃப்ளைட் சிம் வேர்ல்டும் 2017இல் முழுமையாகும்முன்பே விற்பனைக்கு வந்து, 2018 ஏப்ரலில் கைவிடப்பட்டது.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட்டில் இருந்தது பிழை அல்ல, முடிவு. 2024 பதிப்பில் சர்வர் படுத்தால் எழுப்பலாம், விமானியாக வேலை பார்த்து முன்னேறும் கேரியர் பகுதியில் பணி முடியாமல் தொங்குவதைத் திருத்தலாம். விமானி அறை வேண்டாம் என்று ஒருவர் தீர்மானித்திருந்தால் எந்தத் திருத்தத் தொகுப்பும் அதைக் கொண்டுவராது. எனவே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்: வெளியார் துணைப் பொருட்கள் உருவாக்க வழி திறந்திருக்கிறதா? இணையம் இல்லாதபோது எந்த அளவுக்கு ஓடும்? ஆழமான விமான அமைப்புகளா, பணிகளும் பரிசுகளுமா, எதன்மேல் அவர்கள் உழைத்திருக்கிறார்கள்? இவற்றுக்கான பதில் உங்கள் விருப்பத்துக்கு எதிராக இருந்தால், ஒரு வருடம் கழித்தும் அப்படியேதான் இருக்கும்.

பணத்தைத் திரும்பப் பெறும் விதியை மறப்பது

ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டியிருந்தால் பணம் கேட்கலாம். 2020 பதிப்பில் இதில் ஒரு கண்ணி இருந்தது. ஸ்டீம் இறக்கியது சிறு தொடக்கக் கோப்பை மட்டும். மீதி பெரும் தரவை விளையாட்டே திறந்துகொண்டு இறக்கியது. அந்த நேரமும் ஓட்டிய நேரமாகக் கணக்கில் ஏறியதால், மெதுவான இணைப்புக்காரர்களுக்கு விமானம் எழும்புமுன்பே இரண்டு மணி நேரம் கரைந்தது. காத்திருப்புத் திரை அசையாமல் நின்றால் அதை ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மூடிவிட்டு இன்னொரு நாள் திறந்து பாருங்கள்.

வாங்காமலே தொட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது. 2024 பதிப்பு முதல் நாளிலிருந்தே, மாதக் கட்டணத்தில் பல விளையாட்டுகளைத் தரும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவில் உண்டு. ஒரு மாதச் சந்தா முழு விலையில் சிறு பங்குதான். இன்னொரு சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன் 12க்கு இலவச மாதிரிப் பதிப்பு கிடைக்கிறது. உங்கள் கணினி அந்த மென்பொருளைத் தாங்குமா என்று பார்க்க அதுவே போதும். ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் முழுவதுமே இலவசம். அதன் நிலக்காட்சி எளிமையானதுதான். ஆனால் வலது ரடரும் டிரிமும் கைக்கு வர அங்கேயே பழகலாம், ஒரு பைசா செலவில்லாமல்.