புது சூப்பர் காரை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரின் பழைய அப்பர் தாம்சன் சாலையில் நடப்பது எனக்கு வழக்கம். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயம் நடந்த பாதை அது. 'பாம்புகள்' என்று பேர் வாங்கிய வளைவுகளில் இப்போது குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. நடை முடிந்து கோப்பிக் கடைக்குப் போனால் நண்பர்களின் பேச்சு கார்மேல்தான். போன வாரம் 2017 ஃபோர்டு ஜிடி, அதாவது 1960களின் ஃபோர்டு பந்தயக் காரான ஜிடி40-இன் வாரிசாக வந்த சூப்பர் கார். "அண்ணே, ஜிடி40 எங்கே, இது எங்கே? வி8 கூட இல்லையே!" என்றார் ஒரு தம்பி.

அந்த ஒரு வரியிலேயே இரண்டு தவறு இருக்கிறது.

முதலாவது, இன்ஜினை வைத்து மரபை அளப்பது. வி8 என்றால் எட்டு சிலிண்டர் இன்ஜின், வி6 என்றால் ஆறு. பழைய ஜிடி40க்கே ஒரே இன்ஜின் இருந்ததில்லை. 4.2 லிட்டரில் தொடங்கினார்கள். 1966ல் பிரான்ஸின் 24 மணி நேரப் பந்தயமான லே மான்ஸில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த கார்களில் இருந்தது 7 லிட்டர். 1968, 69ல் வென்ற காரில் மறுபடி 5 லிட்டருக்குள் வந்துவிட்டார்கள். ஜெயிக்க எது தேவையோ அதைப் போட்டார்கள், அவ்வளவுதான். 2017 காரில் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 வந்ததும் அதே கணக்கில்தான். இன்ஜின் சிறியது என்பதால் காரின் பின்பாதியை மீன் உடம்பு மாதிரிக் குறுக்க முடிந்தது.

இரண்டாவது தவறு, முகஜாடை பார்ப்பது. 2005 ஃபோர்டு ஜிடியைப் பார்த்ததும் "அப்படியே ஜிடி40" என்போம். அழகான கார், மறுக்கவில்லை. ஆனால் ஜிடி40 என்ற பேரில் உள்ள 40, காரின் உயரம், அங்குலத்தில். 2005 கார் சுமார் 44 அங்குலம். ஜாடை வந்தது, பந்தயத்துக்காகத் தரையோடு பதுங்கிய அந்த உடம்பு வரவில்லை.

2017 காரின் பின்பக்கத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். வட்டமான பின்விளக்கின் நடுவில் ஓட்டை. அழகுக்கு வைத்ததல்ல, பக்கவாட்டில் நுழைந்து இன்டர்கூலரை (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைத் தணிக்கும் கருவி) குளிர்வித்த காற்று அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. உள்ளே இருக்கை நகராது. ஓட்டுநரின் உயரத்துக்கு ஏற்ப பெடலும் ஸ்டீயரிங்கும்தான் முன்னும் பின்னும் நகரும். 1967ல் ஜிடி40 பந்தயக் காரில் டான் கர்னி என்ற நெடிய ஓட்டுநரின் ஹெல்மெட் கூரையில் இடித்ததால், அந்த இடத்தில் மட்டும் கூரையைப் புடைக்க வைத்தார்கள். மனிதனுக்காகக் காரையே உயர்த்திவிடவில்லை. அந்தப் பிடிவாதம் இந்த இருக்கையிலும் இருக்கிறது. எனக்கு மரபு என்றால் இதுதான்.

அப்புறம், வெற்றிகளைக் கலந்து பேசுவது. 2016ல் இந்தக் காரின் பந்தய வடிவம் லே மான்ஸில் ஜெயித்தது உண்மை, ஆனால் அதன் பிரிவில் மட்டும். மொத்தப் பந்தயத்தையும் அந்த வருடம் வென்றது போர்ஷே. 1966 வெற்றியோடு இதைச் சமமாக வைத்தால் இரண்டுக்குமே நியாயம் செய்யவில்லை.

இல்லாத மரபைத் தேடுவது இன்னொன்று. 2021ல் லம்போர்கினி கௌண்டாக் என்ற பழைய சூப்பர் காரின் பேர் திரும்பி வந்தபோது பந்தய ரத்தம் பற்றிப் பேசியவர்கள் உண்டு. பழைய கௌண்டாக் பந்தயத்துக்காகப் பிறந்த காரே அல்ல. அதை வரைந்த மார்செல்லோ காண்டினி, புதுக் காருக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அங்கே கேட்க வேண்டியது வடிவமைப்பில் துணிச்சல் இருக்கிறதா என்பதை.

சரி, 2017 ஜிடியில் எனக்குக் குறையே இல்லையா? உண்டு. பந்தயத்தில் ஓடிய ஜிடி40 வலப்பக்க ஸ்டீயரிங் கார். புதியதை இடப்பக்க ஸ்டீயரிங்கில் மட்டுமே செய்தார்கள். நம் சாலையில் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு அதோடு போயிற்று. வி6 பற்றிக் குறைப்பட்ட தம்பியிடம் இதைச் சொன்னேன். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, கைப்பேசியில் பழைய காரின் உள்பக்கப் படத்தைத் தேட ஆரம்பித்தார்.