பானோரமா இசையைக் கட்டணமின்றிக் கேட்க ஒரு வழி

கார்னிவல் திருவிழாவுக்காகக் கரீபியனின் டிரினிடாட் தீவுக்குச் செல்பவர்கள், ஸ்டீல்பான் (எஃகுப் பீப்பாயிலிருந்து உருவான, மெட்டு வாசிக்கும் தட்டுக்கருவி) குழுக்களின் ஆண்டுப் போட்டியான பானோரமாவின் இறுதிப்போட்டிக்கான நுழைவுச்சீட்டை மட்டுமே நம்பியிராமல், அதற்கு முந்தைய வாரங்களில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் குழுக்கள் பயிற்சி செய்யும் முற்றங்களான பான்யார்டுகளுக்கு மாலை வேளைகளில் சென்றால், அதே ஸ்டீல்பான் இசையைப் பெரும்பாலும் கட்டணமின்றி, மிக அருகில் நின்றே கேட்கலாம். சார்லட் தெருவில் ரெனிகேட்ஸ், டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ் ஆகிய புகழ்பெற்ற குழுக்களின் முற்றங்கள் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளன.

மேடையில் எட்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் படைப்பை, பயிற்சியின்போது பகுதி பகுதியாகப் பிரித்துத் திரும்பத் திரும்ப வாசிப்பதால், மெட்டை ஏந்தும் டெனர் பான்களும், அடிநாதம் தரும் பாஸ் பான்களும், ‘எஞ்ஜின் ரூம்’ எனப்படும் தாளப் பிரிவும் தனித்தனியே காதில் விழுகின்றன. நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் இசையின் கட்டமைப்பு இறுதிப்போட்டியை விட இங்கேதான் தெளிவாகப் புரியும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே விற்கும் உணவையோ பானத்தையோ வாங்கினால் குழுவுக்கும் உதவியாகும்.

போட்டியிலிருந்து வெளியேறிய குழுக்களின் முற்றங்களுக்கும், ஆண்டின் பிற மாதங்களுக்கும் இது பொருந்தாது. கார்னிவல் செவ்வாய், ஈஸ்டருக்கு 47 நாள்கள் முன்னதாக வரும். 2027இல் அது பிப்ரவரி 9. இறுதிப்போட்டி அதற்கு முந்தைய சனிக்கிழமையே நடப்பது வழக்கம் என்பதால், கார்னிவல் நாள்களுக்கு மட்டும் வந்திறங்குபவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைக்காது.