நியூட்ரல் துண்டிப்பும் இடிமின்னலும்: வீட்டு மின்சாதனங்களைக் காக்கும் முறை

எங்கள் தெருவில் ஒரு நாள் மாலை, வானத்தில் மேகமே இல்லாத நேரத்தில், எங்கள் வரிசை வீடுகளின் விளக்குகள் கண் கூசும்படி ஒளிர்ந்தன. எதிர்வரிசை வீடுகளில் அதே நேரத்தில் மின்விசிறிகள் சுழல முடியாமல் திணறின. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் செட்டாப் பாக்ஸ், இணைய ரூட்டர், குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே இருந்த கண்ட்ரோல் போர்டு ஆகிய மூன்றும் எரிந்துவிட்டன. மூன்றையும் நம்பிக்கையுடன் ஸ்பைக் கார்டுகளில்தான் (திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் பிளக் பெட்டிகள்) செருகியிருந்தோம்; அந்த ஸ்பைக் கார்டுகளிலும் இரண்டு கருகிப்போயிருந்தன. கம்பத்தில், மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியான நியூட்ரல் கம்பியின் இணைப்பு விட்டுப்போனதே காரணம் என்று பிறகு தெரிந்தது.

நாம் பொதுவாக ‘ஹை வோல்டேஜ்’ என்று ஒரே பெயரால் சொல்வது உண்மையில் இரண்டு வெவ்வேறு ஆபத்துகள் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். ஒன்று, இடிமின்னலாலோ மின்பாதையில் பெரிய சுமைகள் இணைந்து விலகுவதாலோ ஏற்படும் சர்ஜ். அது பல ஆயிரம் வோல்ட் வரை எழக்கூடியது, ஆனால் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு முதல் சில நூறு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். மற்றொன்று, நியூட்ரல் துண்டிப்பால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 300 அல்லது 350 வோல்ட் வந்து, யாரேனும் அணைக்கும் வரை நீடிக்கும் மிகை மின்னழுத்தம். முதலாவதைத் தடுக்கும் கருவி இரண்டாவதைத் தடுக்காது. இரண்டாவதைத் தடுக்கும் கருவி முதலாவதைக் கண்டுகொள்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். வீட்டுக்கு இரண்டும் வேண்டும். அவற்றுக்கு முன்பாக எர்த்தும் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பும் இணைப்பு) நியூட்ரலும் சரியாக இருக்க வேண்டும்.

நியூட்ரல் விட்டுப்போனால் மின்னழுத்தம் ஏன் எகிறுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்று ஃபேஸ்களும் (மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிகள்) ஒரு நியூட்ரலும் வருகின்றன. எந்த ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட்; இரண்டு ஃபேஸ்களுக்கு இடையில் சுமார் 400 வோல்ட். ஒரு வீடு ஒரு ஃபேஸிலும் அடுத்த வீடு வேறு ஃபேஸிலும் இருக்க, இரண்டுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பத்தில் அறுந்துவிட்டால், அந்த இரு வீடுகளும் 400 வோல்ட்டுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டது போல ஆகிவிடும். ஒரு வீட்டில் 1000 வாட் சுமையும் மற்றதில் 200 வாட் சுமையும் இருந்தால், முதல் வீட்டுக்கு ஏறக்குறைய 67 வோல்ட்தான் கிடைக்கும். எஞ்சிய 333 வோல்ட்டும் குறைவாக மின்சாரம் பயன்படுத்திக்கொண்டிருந்த இரண்டாவது வீட்டின் மீது விழும். ஒரு விளக்கும் ஒரு ரூட்டரும் மட்டும் இயங்கிக்கொண்டிருக்கும் வீட்டுக்கே சேதம் அதிகம் என்பது பலருக்கும் வியப்பளிக்கும், ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

ஸ்பைக் கார்டு ஏன் கருகியது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. அதனுள் இருப்பது எம்.ஓ.வி. எனப்படும், பொத்தான் வடிவிலான சிறு வில்லை. மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியவுடன் அது மின்னோட்டத்துக்கு வழிவிட்டு, மிகையானதைத் தன் வழியே கடத்திவிடும். கண நேரச் சர்ஜை அதனால் தாங்க முடியும். 333 வோல்ட் தொடர்ந்து வந்தாலோ ஒவ்வோர் அலையின் உச்சத்திலும், அதாவது நொடிக்கு 100 முறை, கடத்திக் கடத்திச் சூடேறி எரிந்துவிடும். ஆகவே ஸ்பைக் கார்டுகளைத் திரைச்சீலைக்கு அடியிலோ மெத்தைக்கு அருகிலோ வைக்காதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வேலையை எர்த்திலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான தனி வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து ஃபேஸும் நியூட்ரலும் மட்டுமே வருகின்றன. எர்த்தை வீட்டுக்காரர்தாம் மண்ணில் குழி தோண்டி அமைத்துக்கொள்கிறார். கரியும் உப்பும் இட்டு நடப்பட்ட அந்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் துருப்பிடித்திருக்கலாம், அதனுடன் இணைந்த கம்பி அறுந்திருக்கலாம், வீட்டைச் சுற்றித் தரை போடும்போது குழியே சிமெண்டால் மூடப்பட்டிருக்கலாம். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனை அழைத்து அளக்கச் செய்யுங்கள். வீடுகளுக்கு 5 ஓம்ஸுக்குக் குறைவாக இருப்பது நல்லது. கோடையில் மண் உலர்ந்ததும் இந்த அளவு கூடிவிடும் என்பதால் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது பழங்காலப் பழக்கமாகத் தோன்றினாலும் பயனுள்ள பழக்கமே. எர்த் கிடைக்கவில்லை என்பதற்காகச் சுவிட்ச்போர்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடும் குறுக்குவழியை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். அப்படி இணைத்திருந்தால், நியூட்ரல் துண்டிக்கப்படும் நாளில் குளிர்சாதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் உலோக உடல் முழுவதிலும் மின்சாரம் பாயும். கருவி போவது ஒருபுறம் இருக்க, உயிரே போய்விடும்.

அடுத்து, வீட்டுக்குள் இருக்கும் நியூட்ரல் இணைப்புகள். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் கம்பத்தில் நடப்பது அப்படியே வீட்டின் மெயின் போர்டிலும் நடக்கலாம். நியூட்ரல் கம்பிகள் ஒன்றுசேரும் லிங்கின் திருகு தளர்ந்தாலே போதும், ஒரு ஃபேஸில் உள்ள ஏசி இன்னொரு ஃபேஸில் உள்ள தொலைக்காட்சியை எரித்துவிடும். பழைய வீடுகளில் ஃபேஸுக்கு ஒன்றும் நியூட்ரலுக்கு ஒன்றுமாக இரண்டு ஃப்யூஸ் கேரியர்கள் இருப்பதை இன்றும் காணலாம்; நியூட்ரலில் ஃப்யூஸ் இருக்கவே கூடாது, அந்த இடத்தில் கெட்டியான செம்பு லிங்க் போடப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு எல்லாத் திருகுகளையும் இறுக்கச் சொல்லுங்கள். கருகிய நிறமோ உருகிய உறையோ தெரிந்தால், இறுக்கினால் மட்டும் போதாது. அந்த முனையை வெட்டிப் புதிதாக இணைக்க வேண்டும்.

இவை சரியான பின்பு வாங்க வேண்டிய முதல் கருவி, கடைகளில் ‘ஓவர் வோல்டேஜ் அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர்’ என்று கேட்டால் கிடைக்கும் சாதனம். எம்.சி.பி. (மின்னோட்டம் மிகும்போது தானே அணையும் சுவிட்ச்) பொருத்தும் உலோகப் பட்டையிலேயே பொருந்தக்கூடிய இது, வரும் மின்னழுத்தத்தைத் தொடர்ந்து அளந்துகொண்டிருந்து, நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் ஒரு நொடிக்குள் வீட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். அழுத்தம் சீரானதும் தானே மீண்டும் இணைக்கும். மேல் எல்லையை 265 வோல்ட் அளவிலும் கீழ் எல்லையை 175 வோல்ட் அளவிலும் வைக்கலாம். மீண்டும் இணைவதற்கான தாமதத்தை மூன்று நிமிடங்களுக்குக் குறையாமல் வையுங்கள்; குளிர்சாதனப் பெட்டி, ஏசி ஆகியவற்றின் கம்ப்ரஸர் நின்றவுடனே மறுபடி ஓட முயன்றால் உள்ளிருக்கும் வாயு அழுத்தத்தை எதிர்த்துத் திணறி, அதன் கம்பிச்சுருள் சூடேறிவிடும். ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு, மெயின் எம்.சி.பி.யின் ஆம்பியருக்குக் குறையாத கருவி, 40 அல்லது 63 ஆம்பியர், தேவைப்படும். மூன்று ஃபேஸ் வீட்டுக்கு ஒவ்வொரு ஃபேஸையும் நியூட்ரலோடு ஒப்பிட்டுத் தனித்தனியாக அளக்கும் வகை வேண்டும். ஃபேஸ்களுக்கு இடையே மட்டும் அளக்கும் மோட்டார் வகைக் கருவியை விற்பனையாளர் கொடுத்துவிடலாம், அது நியூட்ரல் துண்டிப்பைக் காணாது. என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஏசிக்குத் தனியாக ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது ஏசியை மட்டும் காக்கும். மின்னழுத்தம் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் ஹை கட் ஆஃப் வசதி இல்லாத பழைய ஸ்டெபிலைசர் அதையும் காக்காது. ‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ என்று எழுதி விற்கப்படும் இன்வெர்ட்டர் ஏசிகளும் அவற்றின் மேல் எல்லை வரைதான் தாங்கும், 350 வோல்ட்டைத் தாங்கும் என்பது அதன் பொருள் அன்று. ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் இருக்க வேண்டிய கருவிதான், ஆனால் அது கசிவு மின்சாரத்திலிருந்து மனிதரைக் காப்பது; சர்ஜுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி இடிமின்னல். தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதக் கோடை மழையிலும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரின் மாலை வேளைகளிலும் இடி மிகுதி. மின்னல் வீட்டின் மேலேயே விழவேண்டும் என்பதில்லை. சற்றுத் தொலைவில் விழுந்தாலும் கம்பிகளில் தூண்டப்படும் அழுத்தம் மின்பாதை வழியே ஓடி வந்துவிடும். இதற்கான கருவி எஸ்.பி.டி. எனப்படும் சர்ஜ் புரொடெக்ஷன் டிவைஸ். சாதாரண வீட்டுக்கு டைப் 2 வகை போதுமானது. மாடியில் இடிதாங்கி வைத்திருந்தால் டைப் 1, டைப் 2 இரண்டும் சேர்ந்த வகை வேண்டும், ஏனெனில் இடிதாங்கி பிடிக்கும் மின்னலின் ஒரு பகுதி எர்த் வழியாக வீட்டு வயரிங்குக்குள்ளும் ஏறும். மேலே விவரித்தது போன்ற நியூட்ரல் கோளாறுகள் நம் ஊரில் நேர்வதால், தொடர்ந்து தாங்கும் மின்னழுத்தம் 275 வோல்ட் என்று குறிக்கப்பட்டதை விட 320 வோல்ட் என்று குறிக்கப்பட்டதே நமக்குப் பொருந்தும். சொந்த எர்த் குழியை நம்பியிருக்கும் வீடுகளில் ‘1+1’ வகையைக் கேட்டு வாங்குங்கள். மூன்று ஃபேஸுக்கு ‘3+1’. அதில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எம்.ஓ.வி.யும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வாயு நிரப்பிய குமிழும் இருக்கும்.

இதைப் பொருத்துவதில் பலரும் செய்யும் பிழை, வயரின் நீளத்தைக் கவனிக்காமல் விடுவதே. மின்னலின் வேகத்தில் மின்னோட்டம் மாறும்போது ஒரு மீட்டர் வயரில் மட்டுமே சுமார் 1000 வோல்ட் எழக்கூடும், எஸ்.பி.டி. எவ்வளவு தரமானதாக இருந்தாலும் அந்த 1000 வோல்ட் கூடுதலாக நம் கருவிகளுக்குப் போய்ச் சேரும். ஃபேஸிலிருந்து எஸ்.பி.டி.க்கும், அங்கிருந்து எர்த் பட்டைக்கும் செல்லும் வயர்களின் மொத்த நீளம் 50 சென்டிமீட்டரைத் தாண்டாதிருக்கட்டும். வயரை அழகுக்காகச் சுருட்டி வைக்கவும் கூடாது. எம்.சி.பி.க்கள் இருக்கும் டிபி பாக்ஸில் மெயின் எம்.சி.பி.யை அடுத்து எஸ்.பி.டி., அதன் பின் வோல்டேஜ் புரொடெக்டர், அதன் பின் ஆர்.சி.சி.பி. என்று வரிசை அமைந்தால் எஸ்.பி.டி. பின்னால் உள்ளவற்றையும் காக்கும். தயாரிப்பாளர் சொல்லும் அளவில் எஸ்.பி.டி.க்கென்று தனி எம்.சி.பி. அல்லது ஃப்யூஸும் இருக்க வேண்டும். இவை அனைத்தும் மீட்டருக்குப் பின்பே வரவேண்டும், மீட்டர் சீலைத் தொடக்கூடாது. வேலையையும் உரிமம் பெற்ற வயர்மேனிடமே ஒப்படையுங்கள்.

தொலைக்காட்சி, கணினி போன்றவற்றுக்கு இதன் பிறகு ஸ்பைக் கார்டு துணைக் காவலாக இருக்கலாம். வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கே அந்தப் பெயர் சூட்டி விற்பதும் உண்டு. எவ்வளவு சர்ஜ் ஆற்றலை உறிஞ்சும் என்று காட்டும் ஜூல் அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகினால் எர்த் வழி அடைபட்டுவிடும். வீட்டு இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை, மின்சாரம் இருக்கும் நேரத்தில் அது வெளி மின்சாரத்தை அப்படியே கடத்துகிறது. பின்புறம் உள்ள சுவிட்சை ‘யு.பி.எஸ்.’ நிலையில் வைத்தால் குறுகிய எல்லைக்குள் உள்ள மின்னழுத்தத்தை மட்டுமே அனுமதிக்கும். மாடியில் சூரியத் தகடுகள் வைத்திருப்போர் தகடுகளிலிருந்து மின்சாரம் வரும் டி.சி. (நேர்மின்னோட்டம்) பக்கத்துக்கும் தனி எஸ்.பி.டி. இருக்கிறதா என்று நிறுவியவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இத்தனையும் இருந்தாலும், இடி நெருங்கும்போது பிளக்கைக் கழற்றுவதற்கு ஈடானது எதுவுமில்லை. முதல் இடியோசை தொலைவில் கேட்கும்போதே கழற்றிவிட வேண்டும், தலைக்கு மேல் இடிக்கும்போது பிளக்கைத் தொடக்கூடாது. கேபிள் டிவி, டிஷ் ஆண்டெனா வயர்களையும் கருவியிலிருந்து எடுத்துவிடுங்கள். மின்சார வழியை அடைத்துவிட்டு இந்த வழியை மறந்ததால் தொலைக்காட்சியை இழந்தவர்கள் பலர். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி மின்னல் விழுவதைக் கைப்பேசியில் முன்னரே எச்சரிக்கிறது.

சில விளக்குகள் மிகையாக ஒளிர்ந்து சில மங்கினாலோ, மின்விசிறி வழக்கத்தை மீறிய வேகத்தில் சுழன்றாலோ, காரணம் ஆராயாமல் உடனே மெயினை அணையுங்கள். உலோக உடல் கொண்ட எந்தக் கருவியையும் தொடாதீர்கள். அண்டை வீட்டாரையும் அணைக்கச் சொல்லிவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் தெரிவியுங்கள். பழுது நீக்கப்பட்ட பின், எல்லா எம்.சி.பி.க்களையும் அணைத்த நிலையில் மெயினை மட்டும் போட்டு, புரொடெக்டரின் திரையில் மின்னழுத்தத்தைப் படித்து, 230-ஐ ஒட்டி ஐந்து நிமிடம் நிலையாக நின்றால் மட்டும் ஒவ்வொன்றாக இணையுங்கள். அப்போது எஸ்.பி.டி.யின் சிறு சாளரத்தையும் பாருங்கள்: பச்சையாக இருந்தால் அது இன்னும் உயிருடன் இருக்கிறது, சிவப்பாக மாறியிருந்தால் தன் கடமையை முடித்துவிட்டது, அடுத்த மழைக்கு முன் அதன் மாட்யூலை மாற்றியாக வேண்டும்.