விராலுக்கு ஃப்ராக் லூர்: எந்த ராடு, எந்த ரீல், எப்படி இழுப்பது

விரால் மீனுக்கு முதல் தடவை லூர், அதாவது செயற்கை இரை, வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கலர் கலராகப் பத்து லூரை அள்ளிக்கொண்டு, மிச்சம் இருக்கிற காசுக்கு ஏதோ ஒரு ராடும் ரீலும் வாங்கி வந்துவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் ராடு (தூண்டில் கோல்), அடுத்து நரம்பு (தூண்டில் நூல்), அதன் பிறகு ரீல் (நரம்பைச் சுருட்டும் கருவி), கடைசியாகத்தான் லூர். லூர் ரெண்டு போதும். மீன் கடித்த பிறகு அதைத் தாமரைக் கொடிக்குள்ளிருந்து கரைக்குக் கொண்டுவருவது ராடும் நரம்பும்தான், லூர் இல்லை.

கடையில் தொங்குகிற லூர், ராடில் பெரும்பகுதி அமெரிக்காவில் பாஸ் என்கிற மீனுக்காக வளர்ந்த சாமான். அங்கே அது பெரிய பைத்தியம். ஜார்ஜியாவில் 1932-ல் பிடிபட்ட பத்து கிலோ பாஸின் சாதனையை ஜப்பானின் பிவா ஏரியில் 2009-ல் ஒருவர் சமன் செய்தார், அவ்வளவு காலம் அந்த எடை நின்றது. பாஸும் விராலும் ஒரே குடும்பம் இல்லை, ஆனால் குணம் ஒன்று: ரெண்டும் செடி மறைவில் அசையாமல் கிடந்து, தலைக்கு மேலே போகிற எதையும் பாய்ந்து அடிக்கும். அதனால் பாஸ் சாமானில் ஒரு பகுதி நமக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு பகுதி பொருந்தவே பொருந்தாது. வயிற்றில் ரெண்டு மூன்று இடத்தில் மும்முள் தொங்குகிற க்ராங்க்பெய்ட் என்கிற லூர் பார்க்க நிஜ மீன் மாதிரியே இருக்கும், திறந்த நீரில் நன்றாகவும் ஓடும். நம் குளத்து வேலம்பாசியில் போட்டால் முதல் வீச்சிலேயே ஒரு கூடை பாசியோடு திரும்பி வரும்.

ராடு வாங்கும்போது அதன் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். விராலுக்கு ஆறரை முதல் ஏழு அடி நீளம், 'மீடியம் ஹெவி' பலம், 'ஃபாஸ்ட்' ஆக்‌ஷன். பலம் என்பது ராடு எவ்வளவு எடைக்குத் தாங்கும் என்பது, ஆக்‌ஷன் என்பது அது எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. ரெண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கூட வந்தவரை நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் கைப்பிடியை மெதுவாகத் தூக்குங்கள்: நுனிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்து, கீழே விறைப்பாக நின்றால் அதுதான் ஃபாஸ்ட். பாதியிலிருந்தே வில் மாதிரி வளைகிற ராடு கெண்டைக்கு நல்லது, விராலுக்கு வேண்டாம். இழுக்கிற வேகத்தை எல்லாம் அந்த வளைவே விழுங்கிவிடும், முள் தாடையில் ஏறாது. லூர் எடை எத்தனை கிராம் வரை என்றும் போட்டிருப்பார்கள். நம் ஃப்ராக், அதாவது ரப்பர் தவளை லூர், பெரும்பாலும் 8 முதல் 15 கிராம், அது அந்த அளவுக்குள் வர வேண்டும். அப்புறம் ஒன்று, ஒரு துளி பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சு நூல் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கீறல்தான் ஆறு மாதம் கழித்து உங்கள் நரம்பை அறுக்கப் போகிறது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இதைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள்.

நரம்புக்கு வருவோம். சாதாரண நைலான் நரம்பு இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். முப்பது அடி தள்ளி, அல்லி இலைக்கு நடுவில் மீன் அடிக்கும்போது நீங்கள் வெடுக்கென்று இழுத்தால், அந்த இழுப்பில் பாதி நரம்பு நீளுவதிலேயே போய்விடும். அதனால் பிரெய்டு, அதாவது முறுக்கிப் பின்னிய நூல் நரம்பு. 30 முதல் 40 எல்பி, அதாவது அத்தனை பவுண்டு இழுப்பைத் தாங்குவது. அது நீளாது, கொடியை அறுத்துக்கொண்டும் வரும். ஒன்றரைக் கிலோ மீனுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். மீனுக்காக இல்லை, மீனோடு சேர்ந்து வரும் நாலு கிலோ பாசிக்காக. ரீலில் நரம்பு சுற்றுகிற உருளைதான் ஸ்பூல். அதில் பிரெய்டை நேராகச் சுற்றினால் மொத்தச் சுருளும் வழுக்கிச் சுழலும், அதனால் அடியில் பத்துச் சுற்று நைலான் போட்டு அதன் மேல் சுற்றுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு ரெண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள்.

முடிச்சு பாலோமர் ஒன்று தெரிந்தால் போதும். நரம்பை அரை அடிக்கு ரெண்டாக மடித்து, அந்த மடிப்பை லூரின் கண்ணுக்குள் விட்டு, சாதாரண முடிச்சு ஒன்று தளர்வாகப் போட்டு, மடிப்பின் வளையத்துக்குள் லூர் முழுவதையும் நுழைத்து எடுத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த முடிச்சை வேகமாக இறுக்கினால் சூட்டிலேயே நரம்பு பலம் குறைந்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஓர் அடி நரம்பை விரல் நகத்தில் உருவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். விராலின் பல் சின்னதுதான், ஆனால் அரம் மாதிரி வேலை செய்யும்.

ரீலில் ரெண்டு வகை. ராடுக்குக் கீழே தொங்குகிற ஸ்பின்னிங் ரீல், மேலே உட்காருகிற பெய்ட்காஸ்டர். ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் ஸ்பின்னிங்தான் சொல்வேன், 3000 சைஸ் சரியாக இருக்கும். வீசிய பிறகு கம்பி வளையத்தைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடாதீர்கள், நரம்பு முறுக்கேறாமல் இருக்கும். பெய்ட்காஸ்டருக்கு இலக்குத் துல்லியம் அதிகம், கொடிக்குள்ளிருந்து இழுக்கும் பலமும் அதிகம், ஆனால் பழக ஒரு மாதமாவது வேண்டும். லூர் நீரைத் தொட்ட பிறகும் ஸ்பூல் சுற்றிக்கொண்டே இருந்தால் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிவிடும். அதைத் தவிர்க்க, லூரைக் கட்டி, பட்டனை அமுக்கி, லூர் தானாக மெல்ல இறங்குகிற அளவுக்குப் பக்கத்துத் திருகை இறுக்குங்கள். லூர் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். பிரேக்கை முதலில் முக்கால் பங்குக்கு வைத்து, கை பழகப் பழகக் குறையுங்கள். கட்டைவிரல் எப்போதும் ஸ்பூல் மேலேயே தடவிக்கொண்டிருக்கட்டும். சிக்கிவிட்டால் பதறிப் பிய்க்காதீர்கள், கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்துக்கொண்டே கைப்பிடியை ரெண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பிறகு நரம்பை மெல்ல வெளியே இழுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே அவிழும்.

வேகம் 6-க்கு 1, 7-க்கு 1 என்று போட்டிருப்பது கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று என்பது. பெய்ட்காஸ்டர் வாங்கினால் 7 பக்கம் எடுங்கள், தளர்ந்த நரம்பைச் சட்டென்று சுருட்ட வேண்டியிருக்கும்.

இப்போது லூர். உள்ளே வெற்றாக இருக்கிற ரப்பர் தவளை, முதுகோடு ஒட்டி மேல்நோக்கி நிற்கும் இரட்டை முள். நாலு முதல் ஆறு சென்டிமீட்டர் நீளம். மூடின முள் என்பதால் இலை மேல், கோரை மேல், ஆகாயத்தாமரை மேல் எதிலும் மாட்டாமல் ஏறி வரும், மீன் கவ்வும்போது மட்டும் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். அதனால் கடையில் பார்க்க வேண்டியது கண்ணோ நிறமோ இல்லை. முதுகைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். லேசான அழுத்தத்திலேயே ரெண்டு முள் முனையும் வெளியே எட்டிப் பார்த்தால் எடுங்கள், கல் மாதிரி இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குறடால் முள் முனைகளை ஒரு நூல் அளவு மேலேயும் வெளியேயும் திருப்பிவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம், பாசி பிடிக்கும். காலாகத் தொங்குகிற ரப்பர் இழைகள் நீளமாக இருந்தால் வெட்டுங்கள். மீன் காலைக் கவ்விக்கொண்டு முள்ளைத் தொடாமலே போவது அடிக்கடி நடக்கிறது. நிறத்துக்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. மீன் பார்ப்பது வயிற்றைத்தான். விடியலுக்கும் அந்திக்கும் கறுப்பு, நடுப்பகலுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் வயிறு, முடிந்தது.

பின்னால் சின்னத் தகடு சுழலுகிற ஜம்ப் ஃப்ராக் இரண்டாவதாக வாங்கலாம். அது செடி குறைந்த வாய்க்காலில், விடாமல் ஒரே வேகத்தில் சுற்றி எடுப்பதற்கு.

இழுக்கிற விதத்தை நான் கற்றது என் மாமாவிடம். கும்பகோணம் பக்கம், மூங்கில் கோலில் தங்கூசி கட்டி விரால் பிடித்தவர், ரீல் பக்கமே வந்ததில்லை. நான் முதல் வருஷம் ஃப்ராக்கை எறிந்து விறுவிறுவென்று சுருட்டிக்கொண்டிருந்தேன். வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நிக்காம ஓடுற தவளையை எங்கடா பாத்திருக்க?" அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு அல்லி இலை ஒன்றின் மேல் ஃப்ராக்கை ஏற்றி, அப்படியே விட்டேன். இலையின் ஓரத்தில் தண்ணீர் லேசாகப் புடைத்தது. பத்து எண்ணும் வரை அசைக்கவில்லை. பிறகு நுனியை ஒரே ஒரு சிட்டிகை ஆட்டி, இலையிலிருந்து கீழே நழுவ விட்டதும், யாரோ செங்கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

ஆகவே, மீன் இருக்கும் என்று நினைக்கிற இடத்துக்கு நேராக எறியாதீர்கள், அதைத் தாண்டி ஐந்தாறு அடி போட்டு, அலை அடங்கும் வரை சும்மா இருங்கள். ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, நரம்பைச் சற்றுத் தளர விட்டு, நுனியைச் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். தளர்ந்த நரம்பில் தட்டினால்தான் தவளை இருந்த இடத்திலேயே தலையை இடமும் வலமும் திருப்பும், இறுகிய நரம்பில் தட்டினால் முன்னால் பாய்ந்துவிடும். இலைக் கூட்டத்தின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பு வந்தால் அங்கே நிறுத்துங்கள், ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலான அடி அந்த நிற்கிற நேரத்தில்தான் விழுகிறது.

அடித்ததும் இழுக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. பாஸ் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். விரால் மோதிக் கவ்வும், பல நேரம் முதல் மோதலில் தவளை அதன் வாய்க்குள்ளேயே இருக்காது. சத்தம் கேட்டதும் கை தானாகத் தூக்கும், தூக்கினால் ஃப்ராக் முகத்துக்கு நேராகப் பறந்து வரும், அதில் முள் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தண்ணீரைப் பாருங்கள். ஃப்ராக் மிதந்துகொண்டிருந்தால் மீன் தவறவிட்டிருக்கிறது, அசையாமல் விடுங்கள், திரும்பி வரும். ஃப்ராக் காணவில்லை என்றால் நுனியை மீன் பக்கம் தாழ்த்தி, தளர்வைச் சுருட்டி, நரம்பில் மீனின் கனம் தெரிந்த பிறகு முழு பலத்தோடு ராடை மேலே தூக்கி இழுங்கள். அதன் பிறகு நிறுத்தக் கூடாது. ட்ராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ஸ்பூல் எவ்வளவு எளிதாக நரம்பை விடும் என்பதை மாற்றுகிற திருகை, முன்பே நன்றாக இறுக்கி வைத்திருக்க வேண்டும். மீன் தலையைக் கீழே திருப்பி வேருக்குள் போய்விட்டால் கதை முடிந்தது, தலையை மேலே வைத்துக்கொண்டே கரை வரை சுற்றுங்கள்.

எங்கே, எப்போது? விராலுக்கு மேலே வந்து காற்றை விழுங்காமல் உயிர் வாழ முடியாது. அது நமக்கு வசதி. எறிவதற்கு முன் பத்து நிமிஷம் கரையில் உட்கார்ந்து பாருங்கள், 'ப்ளக்' என்று ஒரு சத்தமும் வட்டமாக ஒரு அலையும் வரும், கூட நாலைந்து குமிழி. அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஏரி நிரம்பியிருக்கும்போது மீன் பரந்து கிடக்கும். தை பிறந்து தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும் மதகை ஒட்டிய கசம், சம்பு ஓரம், மூழ்கிய கருவேல மரத்தடி என்று ஒதுங்கும். வெயிலுக்கு முன் காலை ரெண்டு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். ஏரி, குளங்களில் மீன்பாசி குத்தகைக்கு விட்டிருப்பார்கள், குத்தகைக்காரரை முதலில் கேட்டுவிடுங்கள். வேடந்தாங்கல் மாதிரிப் பறவைச் சரணாலயங்கள் பக்கம் ராடோடு போகவே கூடாது.

தண்ணீருக்கு மேலே செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் ஒரு பந்து மாதிரி மேலே வந்து கீழே போவதைப் பார்த்தால் லூரைக் கையில் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். அந்தப் பந்துக்கு அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். பசி இல்லாவிட்டாலும் கோபத்தில் அடிக்கும், எவரும் பிடித்துவிடலாம். பிடித்தால் அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தியும் குரவையும் தின்று தீர்த்துவிடும். நம் ஊர்க் குளங்களில் விரால் குறைந்துகொண்டே வருகிறது என்று வருத்தப்படுகிற நாமே இதைச் செய்யக் கூடாது.

பிடித்த மீனை வெறுங்கையால் வாயில் விரல் விட்டுத் தூக்காதீர்கள், பாஸை அப்படித் தூக்குகிற படங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஈரத் துணியால் செவுளுக்குப் பின்னால் பிடித்து, நீண்ட மூக்குக் குறடால் முள்ளைக் கழற்றுங்கள். விடப் போகிறீர்கள் என்றால் முள் முனைக்குக் கீழே பின்பக்கமாக நீட்டி நிற்கும் எதிர்முனையைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கி வைத்திருங்கள், கழற்றுவது சுலபம், உங்கள் விரலில் ஏறினாலும் சுலபம்.

வீட்டுக்கு வந்ததும் ட்ராக்கைத் தளர்த்திவிடுங்கள், ரீலை ஈரத் துணியால் துடையுங்கள். ஃப்ராக்கைத் தலைகீழாகப் பிடித்துப் பிழிந்தால் நரம்பு கட்டுகிற கண் வெளியே நீட்டுகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டும். பிழியாமல் பெட்டியில் போட்டால் ஒரே வாரத்தில் முள் துருப்பிடித்துவிடும். காய்ந்த பிறகு முள் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்துத் தள்ளிப் பாருங்கள். வழுக்கினால் அரத்தால் நாலு இழுப்பு, நகத்தில் குத்தி நின்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார்.