எரிபொருளில் தண்ணீரா, தட்டில் தண்ணீரா?

இந்த ஐப்பசியிலும் அதே கதைதான். தஞ்சாவூரில் எங்கள் ஆய்வகத்துக்கு ப்ராஜெக்ட் செய்ய வந்த மாணவி, ராக்கெட் எரிபொருளான சுத்திகரித்த மண்ணெண்ணெயின் அகச்சிவப்பு நிறமாலையை (எந்த அலைஎண்ணில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைபடத்தை) நீட்டி, “சார், எரிபொருள்ல தண்ணி கலந்திருக்கு” என்றார். பல வருஷம் முன்பு நான் சொன்ன அதே வார்த்தை. சின்னத் தவறுகள் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன்.

தட்டை நம்புவது

மாதிரியை இரண்டு பொட்டாசியம் புரோமைடு தட்டுகளுக்கு நடுவில் வைக்கிறோம். அதுவும் உப்புதான். அடைமழையில் வேதாரண்யத்துக் கல்லுப்பு ஜாடிக்குள்ளேயே கசிவதுபோல் இதுவும் ஈரத்தை இழுக்கும். வரைபடத்தில் அலைஎண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 3400 பக்கம் அகலமான மேடு, 1640 பக்கம் சின்ன மேடு, இரண்டும் தண்ணீர்தான். ஆனால் மண்ணெண்ணெயில் கரையும் நீர் மிக மிகக் கொஞ்சம். தட்டுகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில், அதாவது செல்லில், அது அவ்வளவு பெரிய மேடாகத் தெரியாது.

இதை யோசிக்காமல், சேமித்த எரிபொருளில் நாளுக்கு நாள் நீர் ஏறுகிறது என்று ஒரு மழைக்கால அளவுகளை வைத்து அறிக்கை எழுதினேன். கோடும் அழகாக ஏறியது. ஏறியது தட்டின் ஈரம். விளக்குக்கு நேரே பிடித்தால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி மங்கல், ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை குழிவாகப் பதிந்திருந்தது. மூன்று மாத வேலை போனது. இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

முதலில் காலித் தட்டை ஓட்டிப் பாருங்கள். காலையில் எடுத்த பேக்ரவுண்டை (மாதிரி இல்லாமல் எடுத்த அளவை) மாலை வரை கழிக்காதீர்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். டெசிகேட்டரில் (தட்டுகளை ஈரம் படாமல் வைக்கும் மூடிய பாத்திரத்தில்) நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் அன்றே காயவையுங்கள். நீரின் அளவுதான் கேள்வி என்றால் நீரை மட்டும் அளக்கும் வேதிமுறையான கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன் செய்யுங்கள். அந்த மாணவியும் காலித் தட்டை ஓட்டினார். மேடு அங்கேயே இருந்தது.

எத்தனால் கலவை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய வி-2 ராக்கெட்டில் எரிந்தது ஏறக்குறைய முக்கால் பங்கு எத்தனால், கால் பங்கு தண்ணீர். அதே கலவையை இந்தத் தட்டில் விட்டால் தட்டே கரையும். நீரில் கரையாத துத்தநாக செலினைடு படிகத்தின் மேல் மாதிரியை வைத்து அளக்கும் ஏடிஆர் கருவியைப் பயன்படுத்துங்கள்.

2900-இல் தட்டையான உச்சி

செல் தடிமன் அதிகம், அந்த இடத்தில் ஒளி முழுக்க உறிஞ்சப்பட்டுவிடுகிறது.

2350-இல் இரட்டை மேடு

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு.

ஹைட்ரசீனையும் அளந்து பார்க்கும் ஆசை

இஸ்ரோவின் விகாஸ் ராக்கெட் எஞ்சினில் எரிவது ஹைட்ரசீன் வகை எரிபொருள்தான். கொடிய நஞ்சு. கல்லூரி ஆய்வகத்தில் வேண்டவே வேண்டாம்.