பிஎச்பியில் மெத்தட் செயினிங்: எல்லாம் ஒரு ரிட்டர்னில்தான் இருக்கிறது

பிஎச்பியில் வலைத்தளங்கள் கட்ட உதவும் லாராவெல் பக்கம் முதன்முதலாகப் போகிறவர்கள், அம்புக்குறிக்குப் பின் அம்புக்குறியாக நீளும் வரிகளைப் பார்த்து மிரண்டுவிடுவார்கள். நானும் மிரண்டவன்தான். ஒரு ஆப்ஜெக்டின் மெத்தடுகளை (அதன் கிளாஸுக்குள் எழுதிய ஃபங்ஷன்களை) இப்படிச் சங்கிலியாகக் கூப்பிடுவதற்குத்தான் மெத்தட் செயினிங் என்று பெயர். உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஒரு டிபன் கடை பில்லை வைத்தே செய்து பார்த்துவிடலாம்.

முதலில் செயினிங் இல்லாமல் ஒரு கிளாஸ்:

கிளாஸ் பில் {
    பிரைவேட் $தொகை = 0;
    பப்ளிக் ஃபங்ஷன் சேர்($விலை, $எண்ணிக்கை) {
        $திஸ்->தொகை += $விலை * $எண்ணிக்கை;
    }
    பப்ளிக் ஃபங்ஷன் தள்ளுபடி($ரூபாய்) {
        $திஸ்->தொகை -= $ரூபாய்;
    }
    பப்ளிக் ஃபங்ஷன் மொத்தம்() {
        ரிட்டர்ன் $திஸ்->தொகை;
    }
}

கிளாஸ், ஃபங்ஷன், ரிட்டர்ன், திஸ் போன்ற மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பில், சேர், $தொகை என்று நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், பிஎச்பி மறுக்காது. (ஆபீஸ் கோடில் இதைச் செய்தால் டீம் லீட் மறுப்பார்.)

இதைப் பயன்படுத்தினால்:

$பில் = நியூ பில்();
$பில்->சேர்(10, 4);
$பில்->சேர்(20, 2);
$பில்->தள்ளுபடி(10);
எக்கோ $பில்->மொத்தம்();

நாலு இட்லி, இரண்டு காபி, பத்து ரூபாய் தள்ளுபடி, ஆக 70. சரி, ஆனால் $பில் என்று ஐந்து முறை தட்டியாயிற்று.

இப்போது சேர், தள்ளுபடி இரண்டின் கடைசியிலும் இந்த ஒரு வரியைப் போடுங்கள்:

ரிட்டர்ன் $திஸ்;

அவ்வளவுதான். இனி இப்படி எழுதலாம்:

$பில் = நியூ பில்();
எக்கோ $பில்
    ->சேர்(10, 4)
    ->சேர்(20, 2)
    ->தள்ளுபடி(10)
    ->மொத்தம்();

முதல் சேர் வேலையை முடித்ததும் அது இருந்த இடத்தில் அதே பில் ஆப்ஜெக்ட் ($திஸ் குறிப்பது அதைத்தான்) வந்து உட்கார்ந்துகொள்கிறது, அடுத்த அம்பு அதன்மேல் பாய்கிறது, அப்புறம் அதற்கடுத்தது. மொத்தம் மட்டும் எண்ணைத் தருவதால் சங்கிலி அங்கே முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இன்னொரு சேர் போட்டால் பிழைதான், எண்ணுக்கு ஏது மெத்தட்? வரி நடுவே பழக்கதோஷத்தில் அரைப்புள்ளி வைத்தாலும் அடுத்த அம்பு அந்தரத்தில் நின்றுவிடும்.

2004-இல் பிஎச்பி 5 வரும்வரை இப்படி அம்பின்மேல் அம்பு போடவே முடியாது. 2006-இல் வந்த ஜேக்குவெரி என்ற லைப்ரரிதான் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கெல்லாம் இந்த ருசியைக் காட்டியது.

நான் அரை நாள் தொலைத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடி மெத்தடின் தொடக்கத்தில், ரூபாய் 0 என்றால் வேலை இல்லை என்று ஒரு இஃப் போட்டு, உள்ளே வெறும் 'ரிட்டர்ன்;' எழுதியிருந்தேன். கடைசி வரியில் ரிட்டர்ன் $திஸ் ஒழுங்காகத்தான் இருந்தது. தள்ளுபடி உள்ள பில் எல்லாம் ஓடும், இல்லாத பில் மட்டும் 'மொத்தம்' என்ற மெத்தடை நல் (null, வெறும் ரிட்டர்ன் தருகிற ஒன்றுமில்லாத மதிப்பு) மேல் கூப்பிடுகிறாய் என்று பிழை காட்டும். நான் மொத்தத்தையே நோண்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பிழை வந்தால் திட்டு வாங்கும் மெத்தடை விட்டுவிட்டு அதற்கு முந்தைய மெத்தடைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு ரிட்டர்னையும் பாருங்கள்.

இன்னொன்று. எல்லாச் சங்கிலியும் அதே ஆப்ஜெக்டைத் திருப்பித் தராது. பிஎச்பியில் தேதிகளுக்கென்று இருக்கும் டேட்டைம் கிளாஸில் மாடிஃபை என்று கூப்பிட்டால் இருக்கும் தேதியே மாறும், அதன் மாறாத வடிவமான டேட்டைம்இம்யூட்டபிளில் பழையது அப்படியே கிடக்க, புதிய ஆப்ஜெக்ட் ஒன்று கைக்கு வரும். அதை $நாள் = என்று பிடித்து வைக்காமல் விட்டால் பிழையும் காட்டாது, தேதியும் மாறியிருக்காது.