பைத்தான் டிக்‌ஷனரி: எரர் வராத தவறுகள்

கிருஷ்ணகிரியில் மாலை நேரத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பைத்தான் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "அண்ணா, இன்னைக்கு ரேட்டைத்தான் மாத்தினேன், நேத்து ரேட்டும் சேர்ந்து மாறிடுச்சு" என்றான். நான் ஒரு காலத்தில் செய்த அதே தப்பு. காற்புள்ளி விட்டுப்போவது, அடைப்பை மூட மறப்பது எல்லாம் பைத்தானே பிடித்துவிடும். அது வாய் திறக்காமல் விடுகிற தவறுகளைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

## காப்பி எடுத்தாயிற்று என்று நம்புவது

அப்போது ஒரு மாங்காய் மண்டிக்குக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். விலைப்பட்டியல் ஒரு டிக்‌ஷனரி. அதாவது, ஒரு பெயரைக் (கீ) கொடுத்தால் அதற்கான மதிப்பை (வேல்யூ) எடுத்துத் தரும் அமைப்பு. தோத்தாபுரி, நீலம், செந்தூரா என ஒவ்வொரு ரகமும் ஒரு கீ. அதன் வேல்யூ இன்னொரு டிக்‌ஷனரி: முதல் தரம் கிலோ 22, இரண்டாம் தரம் 16 என்று. காலையில் பழைய பட்டியலை எடுத்து வைத்துவிட்டு அன்றைய விலையைப் போட வேண்டும். 'நேற்று = இன்று' என்று எழுதினால் ஒரே டிக்‌ஷனரிக்கு இரண்டு பெயர் வைத்ததாகத்தான் ஆகும். அது எனக்குத் தெரியும். அதனால் காப்பி மெத்தட் போட்டேன். புது ரகம் ஒன்றைச் சேர்த்துச் சோதித்தேன். பழைய பட்டியலில் அது வரவில்லை. சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

அந்த மெத்தட் மேல் அடுக்கை மட்டும்தான் புதிதாக்கும். தோத்தாபுரி என்ற கீ இரண்டு பட்டியலிலும் உள்ளே இருக்கிற அதே டிக்‌ஷனரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம், நல்ல வரத்து. 22 ரூபாய் ஒரே இரவில் 15 ஆனது. பில் மறுநாள்தான் போடுவார்கள். முந்தின நாள் லோடு இறக்கியவர்களுக்கும் 15 ரூபாய்க்கே பில் வந்தது. காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் துண்டுச்சீட்டை நீட்டி, "நேத்து 22ன்னு சொல்லித்தானப்பா எடை போட்டீங்க?" என்றார். டன்னுக்கு 7,000 ரூபாய் வித்தியாசம். மண்டிக்காரர் சீட்டுகளைத் தேடியெடுத்து மூன்று நாள் கணக்கைக் கையால் திருத்தினார். ஒரு வருஷப் பாட்டை ஓரிரு மாதத்தில் காசாக்க வேண்டிய மனிதருக்கு, ஒரு வரி தப்பால் அந்த அலைச்சல். இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

டிக்‌ஷனரிக்குள் டிக்‌ஷனரியோ லிஸ்ட்டோ இருந்தால், காப்பி மாட்யூலில் இருக்கும் டீப்காப்பியைப் பயன்படுத்துங்கள். அது அடுக்கடுக்காக உள்ளே போய் எல்லாவற்றையும் புதிதாக்கும். சோதிக்கும்போது மேலே புதுக் கீ சேர்த்துப் பார்த்துப் பயனில்லை. உள்ளே இருக்கும் ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். பல கீகளுக்கு ஒரே வேல்யூவை வைத்துத் தரும் ஃப்ரம்கீஸுக்கு ஒரு வெற்று லிஸ்ட்டைக் கொடுத்தாலும் இதே வியாதிதான்: எல்லாக் கீக்கும் ஒரே லிஸ்ட். ஒரு விவசாயியின் எடை ஊரில் எல்லார் கணக்கிலும் ஏறிவிடும்.

இப்போதெல்லாம் நான் பட்டியலைக் காப்பியே எடுப்பதில்லை. தேதியைக் கீயாக வைத்து, நாளுக்கொரு பட்டியலைப் புதிதாக எழுதிவிடுகிறேன்.

## லூப்புக்குள் கீயை நீக்குவது

வேண்டாம். இது மட்டும் பெரும்பாலும் பைத்தானே எரர் காட்டி நிறுத்திவிடுகிற தவறு. கீகளை லிஸ்ட்டாக்கி அதன்மேல் சுற்றுங்கள்.

## எதற்கெடுத்தாலும் கெட்

இல்லாத கீயைக் கேட்டால் வரும் கீஎரர் வரக்கூடாது என்று கெட் மெத்தட் போட்டு, கீ இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். ரகத்தின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் விலை பூஜ்யம், பில்லும் பூஜ்யம். கட்டாயம் இருக்க வேண்டிய கீ என்றால் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதித்தான் எடுக்க வேண்டும். புரோகிராம் நின்றுபோனால் போகட்டும்.

## தமிழில் கீ வைக்கும்போது

தமிழ்ப் பெயரைத் தாராளமாகக் கீயாக வைக்கலாம். ஆனால் 'தோ' என்ற எழுத்தில் வரும் குறி யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையில்) இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒரே குறியாக, அல்லது இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று பிரிந்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பைத்தானுக்கு அவை வேறு வேறு கீ. பெயர் உள்ளே வரும் இடத்திலேயே யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸில் என்எஃப்சி கொடுத்து ஒரே வடிவமாக்கிவிடுங்கள். அந்தத் தம்பியின் பட்டியலிலும் தோத்தாபுரி இரண்டு முறை இருந்தது. குறிகளை எண்ணித் தரும் லென் போட்டுப் பார்த்தோம்: ஒன்று 10, இன்னொன்று 11.